அழிக்காத புகைப்படம்

2018 மார்ச் 16, வெள்ளிக்கிழமை இரவு. மணி 11:30 இருக்கும். ஆரஞ்சு டி-ஷர்ட் போட்ட என் பத்து வயது மகன் சோபா மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தான். நான் டிவியை அணைக்கப் போனேன். "அணைக்காதம்மா" என்றான். ஆனால் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

நாங்கள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ரிச்மண்ட் பக்கம் குடியிருக்கிறோம். வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில் காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கூடைப்பந்து பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மகன் வழியாக வந்ததுதான். வாசலில் ஒரு கூடைக் கம்பம் நட்டோம். அவன் பந்தைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே சமைப்பேன். அப்புறம் அவனோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு வருடத்தில் அவனைவிட எனக்குத்தான் படபடப்பு அதிகமாகிவிட்டது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், இந்தப் போட்டியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் 68 அணிகள் மோதும். நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. முதல் சுற்றில் 1-ஆம் இடத்து அணி 16-ஆம் இடத்து அணியோடு ஆடும். தோற்றால் வீட்டுக்கு, மறுவாய்ப்பு கிடையாது. 1985-இல் போட்டி 64 அணிகளாக விரிந்ததிலிருந்து அந்த இரவு வரை இப்படிப்பட்ட ஆட்டங்கள் 135 நடந்திருந்தன. 135-இலும் முதலிடத்து அணிதான் வென்றது.

136-ஆவது ஆட்டம் எங்களுடையது. வர்ஜீனியா அந்த வருடம் 31 வெற்றி, 2 தோல்வி. நான்கு முதலிட அணிகளிலும் முதலாவதாக வைக்கப்பட்ட அணி. எதிரே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம், சுருக்கமாக யு.எம்.பி.சி. சதுரங்க அணிக்குப் பேர்போன கல்லூரி. பாதி ஆட்டத்தில் 21-21 என்று சமமாக இருந்தபோதுகூட நான் பயப்படவில்லை. அந்த சீசன் முழுக்க எதிரணியை ஒரு முழு ஆட்டத்துக்கே சராசரியாக 54 புள்ளி அளவில் கட்டிப்போட்ட அணி இது. அந்த அணிக்கு எதிராக யு.எம்.பி.சி. இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளி எடுத்தது. ஜைரஸ் லைல்ஸ் என்ற பையன் 28 அடித்தான். 74-54. இருபது புள்ளி வித்தியாசம். கடைசி நொடியில் யாரோ அதிர்ஷ்டத்தில் போட்ட பந்தால் தோற்றிருந்தால் ஆறுதலாவது இருந்திருக்கும். அதுவும் இல்லை.

மணிக்கட்டு முறிந்ததால் வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹன்டர் அன்று ஆடவில்லை. அது உண்மைதான். ஆனால் அந்த அணியில் யாரும் அதைச் சாக்காகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்தில் பயிற்சியாளர் டோனி பென்னட் பேட்டி கொடுத்தார். எதிரணி நன்றாக ஆடினார்கள், எங்களை முற்றாக வென்றார்கள் என்றார். களத்தில் இறங்குகிறவனுக்கு இது நடக்கலாம், இறங்கினால் இதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்ற பொருளில் பேசினார். குரல் உயரவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. மகன் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. நான் கேட்டேன்.

மறுநாள் காலையில் வர்ஜீனியா அணி நிறத்து அந்த ஆரஞ்சு டி-ஷர்ட் அழுக்குக் கூடையின் அடியில் கிடந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கு அதைப் போட்டுக்கொண்டு போக மாட்டேன் என்றான். "விடுடா கண்ணா, விளையாட்டுதானே" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்கு அது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் அப்படி அழுதிருக்க மாட்டான். ஒரு குழந்தையின் முதல் பெரிய ஏமாற்றத்தை இரண்டு சொல்லில் சின்னதாக்கப் பார்த்தேன்.

எனக்கு அதைப் புரியவைத்தது அணியிலிருந்த கைல் கய் என்ற ஆட்டக்காரர். இண்டியானாபொலிஸ்காரர், அப்போது இருபது வயதுதான். தோற்ற அந்த இரவில், எதிரணி கொண்டாடிக்கொண்டிருக்க, இவர் குனிந்து முழங்காலில் கைவைத்து நிற்கும் ஒரு புகைப்படம் நாடெங்கும் போனது. நாமாக இருந்தால் அந்தப் படம் கண்ணில் படாமல் இருக்க என்னென்னவோ செய்வோம். அவர் அதைத் தன் கைபேசித் திரையில் வைத்துக்கொண்டார். ட்விட்டரில் தன் முகப்புப் படமாகவும் அதையே போட்டார். தனக்குள் இருக்கும் பதற்றத்தைப் பற்றியும் பொதுவில் எழுதினார். ஒவ்வொரு நாளும் கைபேசியை எடுக்கும்போதெல்லாம் அந்தத் தோல்வியைப் பார்த்துக்கொண்டே ஒரு வருடத்தைக் கழிப்பது என்றால் என்ன என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

பென்னட்டின் மனைவி கேட்டுவிட்டு அவருக்குக் காட்டிய ஓர் உரை இருக்கிறது. ஒரு கதைசொல்லியின் பேச்சு. துன்பத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால், வேறு எந்த வழியிலும் போயிருக்க முடியாத இடத்துக்கு அது டிக்கெட் வாங்கித் தரும் என்று அதில் வரும். பென்னட் அந்த வாக்கியத்தைத் தன் பையன்களிடம் சொன்னார். 2018-19 சீசன் முழுக்க, போன ஊரிலெல்லாம் பத்திரிகையாளர்கள் யு.எம்.பி.சி. பற்றிக் கேட்டார்கள். எதிரணி ரசிகர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இவர்கள் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள். ஒளித்து வைக்க எதுவும் இல்லாதவர்களைக் கிண்டல் செய்வது கஷ்டம்.

இந்த அணியின் ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அது மிகவும் பிடிக்கும். மெதுவான ஆட்டம். நாட்டிலேயே மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்று. பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று டிவியில் பேசுகிறவர்கள் வருடக்கணக்காகச் சொன்னார்கள். தடுப்பாட்டம் பென்னட்டின் அப்பா டிக் பென்னட் உருவாக்கியது. 'பேக் லைன்' என்பார்கள். கூடையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. பந்து வைத்திருப்பவனை ஒருவர் நெருக்குவார். மற்ற நால்வரும் கோட்டுக்குள்ளேயே காத்திருப்பார்கள். உள்ளே புகுந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தோள் இருக்கும். கபடியில் பாடி வருகிறவனைச் சங்கிலி கட்டி மடக்குவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. ஒருவன் தனியாகச் சாதிக்க இதில் எதுவுமே இல்லை. பக்கத்தில் இருப்பவன் ஒரு அடி நகராவிட்டால் மொத்தமும் குலையும்.

அந்த ஜனவரியில் மகனை வர்ஜீனியாவின் சொந்த அரங்கான ஜான் பால் ஜோன்ஸ் அரங்குக்கு ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். 30 நொடிக்குள் எதிரணி கூடையை நோக்கி எறிய முடியாமல் திணறி மணி அடித்தால், நம் அணி மூன்று புள்ளி எடுத்ததுபோல் மொத்த அரங்கமும் எழுந்து நின்று கத்துகிறது. புள்ளி எடுக்காததற்கு இத்தனை கைதட்டல் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மகன் அந்த ஆரஞ்சு டி-ஷர்ட்டைத்தான் போட்டிருந்தான். அதை எப்போது கூடையிலிருந்து எடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

சீசனின் முற்பகுதியை வேகமாகச் சொல்லிவிடலாம். நவம்பரில் பஹாமாஸில் ஒரு கோப்பை. வழக்கமான சீசனில் இரண்டே தோல்வி, இரண்டும் சயான் வில்லியம்சன் ஆடிய டியூக் அணியிடம். பிப்ரவரி 9 சனிக்கிழமை சொந்த அரங்கிலேயே டியூக்கிடம் தோற்று, இரண்டே நாளில் சேப்பல் ஹில்லுக்குப் போய் நார்த் கரோலினாவை 69-61 என்று வென்றார்கள். தோற்று 48 மணி நேரத்தில் அப்படி எழ முடிகிறவர்கள் மார்ச்சிலும் தாங்குவார்கள் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது. அப்புறம் எங்கள் அணி ஆடும் ஏ.சி.சி. லீக் போட்டியின் அரையிறுதியில் புளோரிடா ஸ்டேட்டிடம் ஒரு தோல்வி. மொத்த சீசனிலும் அவ்வளவுதான், மூன்று.

மறுபடியும் மார்ச். மறுபடியும் முதலிடம். மறுபடியும் 16-ஆம் இடத்து அணி, இம்முறை கார்ட்னர்-வெப். முதல் பாதியில் 14 புள்ளி பின்தங்கினார்கள். இடைவேளையில் 36-30 என்று பின்னால். மகன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். நான் மட்டும் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாதியில் கதவைச் சாத்தியதுபோல் தடுப்பாட்டம் இறுகியது. 71-56. கீழே வந்த மகன் திரையைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தான். ஒரு வருடமாகக் கேலி பேசியவர்கள் எல்லோரும் எதிர்பார்த்தது அந்த இடைவேளைதான். அந்த நிமிடங்களை அந்தப் பையன்கள் எப்படிக் கடந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பின்னால் வந்த எல்லா வெற்றியையும்விட எனக்கு அந்த வெற்றிதான் பெரிது.

ஓக்லஹோமா, ஓரிகன் இரண்டும் தாண்டியாயிற்று. மார்ச் 30, லூயிவில். எதிரே பர்டியூ. அந்த அணியின் கார்சன் எட்வர்ட்ஸ் அன்று ஆடியதுபோல் ஒருவர் ஆடி நான் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து பத்து மூன்று-புள்ளி எறிகள். மொத்தம் 42 புள்ளி. கையை நீட்டித் தடுத்தாலும் பந்து விழுகிறது. இரண்டு பேர் மறித்தாலும் விழுகிறது.

5.9 நொடி மிச்சம். 70-67 என்று வர்ஜீனியா பின்னால். எங்கள் அணியின் டை ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் எறியும் ஒரு-புள்ளி வாய்ப்புகள். முதலாவது விழுந்தது. இரண்டாவது தவறியது. துள்ளிய பந்தை எங்கள் அணியின் மமாடி டியாகிட்டே எட்டித் தட்டிவிட, அது ஆடுகளத்தின் மறு பாதிக்கே உருண்டோடியது. கிஹை கிளார்க் துரத்தினார். முதலாண்டு மாணவர், 5 அடி 9 அங்குலம், களத்திலேயே குள்ளமானவர். பந்தைப் பிடித்துத் திரும்பும்போது ஓரிரு நொடிகள்தான் பாக்கி. பக்கத்தில் ஜெரோம் பந்து கேட்டுக் கை நீட்டுகிறார். அவருக்குக் கொடுத்திருந்தால் தூரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஓர் எறி எறிந்திருக்கலாம், அவ்வளவுதான். கிளார்க் அவரைத் தாண்டி, தூரத்தில் நின்ற டியாகிட்டேக்கு வீசினார். டியாகிட்டே கினியாவிலிருந்து வந்தவர். பிடித்தார், விட்டார், மணி அடித்தது, பந்து விழுந்தது. 70-70. கூடுதல் நேரத்தில் 80-75. வர்ஜீனியா 1984-க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசி நான்கு அணிகளில் ஒன்றானது.

அந்த வீச்சை எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்தோம் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பந்து போய்ச் சேராது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஏப்ரல் 6, மினியாபொலிஸ். அரையிறுதியில் ஆபர்ன். ஐந்து நிமிடம் இருக்கும்போது பத்து புள்ளி முன்னிலை. பிறகு ஆபர்ன் தொடர்ந்து 14 புள்ளி எடுத்தது. வர்ஜீனியாவுக்கு ஒன்றும் இல்லை. 61-57. கைல் கய் ஒரு மூன்று-புள்ளி போட்டு 61-60 ஆக்கினார். ஆபர்ன் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டு 62-60. அடுத்து நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். ஜெரோம் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது அது அவர் காலில் பட்டு விலக, இரண்டு கையாலும் பிடித்துவிட்டு மறுபடி தட்டினார். டபுள் டிரிப்பிள் என்ற விதிமீறல் அது. நடுவர்கள் விசில் ஊதவில்லை. ஊதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆபர்ன் ரசிகர்களின் கோபம் நியாயமானது. எங்கள் வீட்டிலும் அன்று அதைச் சொல்லிக்கொண்டோம்.

0.6 நொடியில் கைல் கய் மூலையிலிருந்து எறியும்போது ஆபர்ன் ஆட்டக்காரர் உடலில் மோதிவிட்டார். மூன்று ஃப்ரீ த்ரோ. ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லாமல், 70,000 பேருக்கு மேல் நிறைந்த அரங்கில், தனியாக ஒரு பையன். தன் தோல்வியின் படத்தைக் கைபேசியில் வைத்திருந்த அதே பையன். ஒன்று. இரண்டு. சமம். ஆபர்ன் டைம் அவுட் கேட்டது, அவர் யோசிக்கட்டும், கை நடுங்கட்டும் என்று. திரும்பி வந்து மூன்றாவதையும் போட்டார். 63-62. நான் சமையலறையில் சிங்க் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். மகனின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 8, திங்கட்கிழமை, இறுதி ஆட்டம், டெக்சஸ் டெக். அன்று கதை டிஆண்ட்ரே ஹன்டருடையது. போன வருடம் கட்டுப்போட்ட கையோடு பார்த்துக்கொண்டிருந்தவர். முதல் பாதியில் வெறும் ஐந்து புள்ளி. பிறகு 22. மொத்தம் 27, அவர் கல்லூரிக் காலத்தின் அதிகபட்சம். 68-65 என்று பின்தங்கி, 13 நொடிகூட இல்லாதபோது, ஜெரோம் உள்ளே புகுந்து எதிரணியை இழுத்து மூலைக்குப் பந்தைத் தள்ள, ஹன்டர் மூன்று-புள்ளி போட்டார். மறுபடி கூடுதல் நேரம். அதில் வர்ஜீனியா எடுத்த 12 ஃப்ரீ த்ரோவும் விழுந்தன. 85-77. பல்கலைக்கழக வரலாற்றில் முதல் தேசிய பட்டம். 35 வெற்றி, 3 தோல்வி. சிறந்த ஆட்டக்காரர் கைல் கய்.

அன்றிரவு சார்லட்ஸ்வில் தெருக்களில் மாணவர்கள் நிரம்பி வழிந்ததை டிவியில் பார்த்தோம். என் மனதுக்கு வேறொன்றும் வந்தது. 2017 ஆகஸ்டில் வெள்ளை இனவெறிக் கும்பல் தீப்பந்தங்களோடு அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்தது. மறுநாள் எதிர்ப்பாளர்கள் கூட்டத்துக்குள் ஒருவன் காரை ஏற்றி ஹெதர் ஹையர் என்ற பெண்ணைக் கொன்றான். அதற்குப் பிறகு சார்லட்ஸ்வில் என்று யாராவது சொன்னாலே எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றில் ஏதோ செய்யும். சில மாதங்கள் அந்தப் பக்கம் காரில் போவதற்கே யோசித்தோம். ஒரு கோப்பை அதைத் துடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கினியாவிலிருந்து வந்தவர், நியூசிலாந்திலிருந்து வந்தவர், பிலடெல்பியாவிலிருந்து வந்தவர் எல்லோரும் ஒரே உடையில் நிற்க, அதே ஊர்த் தெருவில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்தபோது, இது என் மகனின் ஊரும்தான் என்று முதல் முறையாக நினைத்தேன்.

அந்த செப்டம்பரில் பென்னட்டுக்குப் பெரிய சம்பள உயர்வு கொடுக்க முன்வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். மற்ற பயிற்சியாளர்களுக்குச் செலவிடுங்கள் என்றார். தானும் மனைவியும் சேர்ந்து 5,00,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள், ஆடி முடித்த பையன்கள் வாழ்க்கையில் வேலை தேடிக்கொள்ள உதவும் ஒரு திட்டத்துக்கு. பணிவு, ஆர்வம், ஒற்றுமை, சேவை, நன்றி என்று ஐந்து சொற்களைத் தன் அணிக்குத் தூண்களாக வைத்திருந்தவர். சுவரில் எழுதி மாட்டுவது எல்லோராலும் முடியும்.

தோற்றவர்கள் மறு வருடமே வென்றார்கள், கதை சுபம், என்று இதைச் சொல்லி முடிக்க நிறையப் பேருக்கு ஆசை. எனக்கு அதில் சம்மதம் இல்லை. டியாகிட்டேயின் கையிலிருந்து பந்து கால் நொடி தாமதித்திருந்தால்? அந்த விசில் ஊதப்பட்டிருந்தால்? அப்போதும் அந்தப் பையன்கள் அந்த ஒரு வருடத்தை அதே மாதிரிதான் வாழ்ந்திருப்பார்கள். நாம்தான் அவர்களைப் பற்றி எழுதியிருக்க மாட்டோம்.

இதை எனக்குத் தெளிவாக்கியது நான்கு வருடம் கழித்து நடந்த ஒன்று. 2023 மார்ச் 16. ஆம், அதே தேதி. முதல் சுற்றில் ஃபர்மன் என்ற சிறிய கல்லூரியோடு வர்ஜீனியா முன்னிலையில் இருந்தது. கடைசி நொடிகளில் பந்து கிஹை கிளார்க் கையில். இப்போது அவர் அணியின் மூத்தவர். மற்றவர்கள் கூடையில் போட, பல்கலைக்கழக வரலாற்றிலேயே அதிகப் பந்துகளைக் கொடுத்தவர். இருவர் நெருக்க, பந்தை நீளமாக வீசினார். அது எதிரணி கையில் போய் விழுந்தது. அவர்கள் அதை மூன்று-புள்ளி ஆக்கினார்கள். 68-67. தோல்வி. லூயிவிலில் நாங்கள் ஆயிரம் முறை பார்த்து ரசித்த அதே கைகள்.

பதினைந்து வயது மகன் அன்று அழவில்லை. வெகுநேரம் பேசவும் இல்லை. "அந்த பாஸும் இந்த பாஸும் ஒரே ஆள்தாம்மா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் வந்த செய்தியை எங்களால் நம்ப முடியவில்லை. முதலிடத்து பர்டியூவை 16-ஆம் இடத்து ஃபேர்லி டிக்கின்சன் 63-58 என்று தோற்கடித்தது. வரலாற்றில் இரண்டாவது முறை. 2019-இல் டியாகிட்டேயின் பந்தால் நொறுங்கிப்போன அதே பர்டியூ, அதே பயிற்சியாளர் மேட் பெயின்டர். வர்ஜீனியாவைப் போலவே அவர்களும் ஒரு வருடம் கேலியைச் சுமந்தார்கள். வர்ஜீனியாவைப் போலவே மறு வருடம் முதலிடத்தில் வந்து, இறுதி ஆட்டம் வரைக்கும் போனார்கள். 2024 ஏப்ரல் 8. அதுவும் அதே தேதி. மத்தியானம் வாசலில் கண்ணாடி போட்டுக்கொண்டு சூரிய கிரகணம் பார்த்தோம். இரவு பர்டியூவுக்காக உட்கார்ந்தோம். எங்களுக்கும் பர்டியூவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே அவ்வளவு ஆசை.

ஜாக் ஈடி 37 புள்ளி எடுத்தும் போதவில்லை. கனெக்டிகட் 75-60 என்று வென்றது.

மணி 11:30 ஆகியிருந்தது. காலையில் அவனுக்குப் பள்ளி. ரிமோட்டை எடுத்தேன்.

"இரும்மா" என்றான். "பெயின்டர் பேசுறதைக் கேட்டுட்டுப் படுக்கிறேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.